இருமலுக்கு இருந்த சைவம்

நவம்பர் 4
புரட்டாசி போயிற்று, தீபாவளியும் போயிற்று. இவர் இருமல் மட்டும் போகவில்லை. அது நிற்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சமைத்தும் உப்புக்கூடப் பார்க்கவில்லை. இவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார், இருமிக்கொண்டே.

நவம்பர் 20
கிளினிக்குக்குப் போங்கள் என்று வாய் வலிக்கச் சொன்னவள் நான். இன்றுதான் போனார். "அக்னஸ் சொன்னுச்சு" என்கிறார். குருண் ஊர்த் தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்கிறவள். அவள் ஒரு தடவை சொன்னால் போதுமாம்.

டிசம்பர் 12
மருந்து கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் நிழல். எப்போதாவது சாப்பிடும்போது புரை ஏறியதா என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். கட்டியாகவும் இருக்கலாமாம். கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும், பிரோங்கோஸ்கோப்பி என்றார். இவர் வரும் வழியிலேயே அவளுக்குப் போன் போட்டுச் சொல்கிறார். பக்கத்தில் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்?

ஜனவரி 8
தொண்டையை மரக்கவைத்து, ஊசி போட்டு, உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் இந்த முனையில் நான், அந்த முனையில் அக்னஸ், ஜெபமாலையோடு. என் புருஷனுக்கு இவள் எதற்கு—

கட்டி இல்லை. கோழி எலும்புத் துண்டு! மூச்சுக்குழாயில் சிக்கிக் கிடந்ததை அந்தக் குழாய் வழியாகவே இடுக்கி விட்டு எடுத்துவிட்டார்கள். அழுதேன். அழுது முடித்த பிறகுதான் யோசித்தேன், எந்தக் கோழி?

அக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "புரட்டாசியிலக்கா. கேன்டீன்ல என் சாப்பாட்ட எடுத்துச் சாப்டாரு. சிரிச்சாரு, புரை ஏறிருச்சு. அக்காட்ட சொல்லாதன்னாரு."

ஜனவரி 9
இவர் இருமலுக்காக நான் கோழி தொடவில்லை. இவர் இருமினதே கோழியால். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சிரித்தாராமே! இந்த வீட்டில் எப்போது சிரித்தார்? அதுதான் எரிகிறது.

ஜனவரி 15
கேட்டேவிட்டேன், அப்படி என்ன சிரிப்பு என்று.
"ஒன்னப் பத்திதான். சாமிகிட்டயே சண்ட போடுவன்னு சொல்லிட்டிருந்தேன்."
நம்புவதா? தெரியவில்லை. ஆனால் இன்று கோபமாகச் சமைக்கவில்லை.

பிப்ரவரி 16
தைப்பூசமும் முடிந்தது. இருமல் சுத்தமாக இல்லை. வேண்டுதலை முடித்துவிட்டேன். அக்னஸ் இவரிடம் கோழி வறுவல் கொடுத்துவிட்டிருந்தாள். முதல் வாய் நான்தான் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கிறது, சனியன். மீதியில் எலும்பை எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, இவர் தட்டில் போட்டேன்.