மூன்றாம் குழியில் லாரி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவள் நான். கம்பெனியில் இதுவரை ஒருத்தரும் என் சான்றிதழைப் பார்த்ததில்லை. இன்று என் பாதத்தைப் பார்த்தார்கள்.

சாம்பிள் ரூம் மேனேஜர் ஷபீ அஹமது சார், தையல் லைனில் இருந்த பெண்களை எல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லி, வரிசையாக நிற்கவைத்து டேப்பால் அளந்தார். மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல. என் கால் முப்பத்தேழு, பெண்களுக்கான சாம்பிள் ஷூவின் அளவு, கச்சிதம். பெண் பார்த்து முடிந்த வீடு மாதிரி அவர் முகத்தில் நிம்மதி.

"நீதாம்மா பாக்யா. நாளையிலருந்து கோல்ஃப் ஆடற."

"சார், எனக்கு கேரம் போர்டே வராது."

விஷயம் இதுதான். கம்பெனிக்கு முதன்முறையாக கோல்ஃப் ஷூ ஆர்டர் வரப்பார்க்கிறது. ஜெர்மனியிலிருந்து வாங்கும் இங்க்ரிட் அம்மா வீடியோ காலில், "உங்களிடம் ஷூவைப் போட்டு ஆடிப் பார்ப்பவர்கள் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். முதலாளி வாய் கூசாமல், "எங்கள் டெஸ்டர்கள் வாராவாரம் ஆடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டார். மார்ச் நடுவில் அந்த அம்மா நேரில் வருகிறார். நானும் கட்டிங் செக்‌ஷன் கோபியும் அவர் முன்னால் மூன்று குழி ஆட வேண்டும். கோபி கால்தான் ஆண்களுக்கான சாம்பிள் அளவு. ஆர்டர் கிடைத்தால் இரண்டு பேருக்கும் வேலை பர்மனென்ட்.

கிடைக்காவிட்டால்? ஷபீ சார் கம்பெனி கேட் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பிப்ரவரி 9, திங்கள்

மைதானத்தைப் பார்த்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் ஆபீசர்களுக்காகப் போட்டதாம். எங்கள் தெருக்கோடியில் நின்றால் அதன் வேலி தெரியும். ஏதோ பட்டா தகராறில் கிடக்கும் பொட்டல் என்றுதான் பிறந்ததிலிருந்து நினைத்திருந்தேன்.

டிவியில் வரும் பச்சை இங்கே மருந்துக்கும் இல்லை. கட்டாந்தரை, நெருஞ்சி, சுற்றிலும் சீமைக்கருவேலம். குழி இருக்கும் இடத்தில் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல் வட்டம். அதற்கு பிரவுன் என்று பேர். கடைசியாகப் பந்தை உருட்டும் முன் பலகையால் மணலை இழுத்துச் சமன் செய்துகொள்ளலாம். விதியிலேயே இருக்கிறது.

"எங்க ஊர்ல நெல்லு காயவெக்கறதும் இப்டித்தான்," என்றான் கோபி. அவன் அணைக்கட்டு ஊர்க்காரன். "எங்க ஆயாவ கூட்டினு வந்தா கப்பு வாங்கிடும்."

வாட்ச்மேன் ரத்தினசாமி எங்களை முன்கேட்டில் விடவில்லை. "மெம்பருங்க வர்ற வழி இது. நீங்க பின்னாடி வாங்க." என் காலில் இருந்த மாதிரி ஷூ அங்கே எந்த மெம்பரிடமும் இருக்காது. அந்த ஷூவோடு பின்கேட்டில், ஆடு நுழையும் சந்து வழியாக நுழைந்தேன். கிளப் மூடியிருக்கும் திங்கட்கிழமை மட்டும்தான் எங்களுக்கு அனுமதி. மற்ற நாளெல்லாம் பாலாற்றில் பயிற்சி. தண்ணீர்தான் இல்லை, மணலாவது இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பாலாற்று மணலில் நாங்களே தோண்டிய எந்தக் குழியிலும் பந்து விழவில்லை. ஒரு ஆட்டின் மேல் விழுந்தது. ஆட்டுக்காரி எல்லம்மா என் வம்சத்தையே கழுவி ஊற்றினாள்.

பிப்ரவரி 16, திங்கள்

போனில் பார்க்கும் வீடியோவில் எல்லாரும் பந்தைத் தூக்கி அடிக்கச் சொல்கிறார்கள். அதெல்லாம் பஞ்சு மாதிரி தரை உள்ளவனுக்கு. இங்கே உயரத்திலிருந்து விழும் பந்து சிமெண்ட்டில் விழுந்ததுபோல் எகிறி முள்ளுக்குள் போய்விடுகிறது. எடுக்கப் போனால் கை கிழிகிறது.

அதனால் இன்று மாற்றிப் பார்த்தேன். பந்தை வலது கால் பக்கம் வைத்து, மணிக்கட்டை மடக்காமல், தாழ அடித்தேன். பாதி தூரம் முழங்கால் உயரத்தில் போனது. மீதி தூரத்தைத் தரையே உருட்டிக்கொண்டு போனது. பிரவுனுக்கு முன்னாலேயே விழவைத்தால் போதும், தானாக உள்ளே போகிறது.

கோபிக்கு இது புரியவில்லை. அவன் இன்னும் சிக்ஸர்தான் அடிக்கிறான்.

பிப்ரவரி 23, திங்கள்

மூன்று குழியையும் ஆடி முடித்தேன். முள்ளுக்குள் ஒரு பந்தும் போகவில்லை. ஷபீ சார் கைதட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. இந்தப் பணக்கார விளையாட்டு எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டதா?

மார்ச் 2, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

இங்க்ரிட் அம்மாவிடமிருந்து மெயில். அவர் ஊர் மைதானத்தில் எப்போதும் தூறலாம். இந்த ஷூ ஈரப் புல்லுக்காக. ஈரப் புல்லில் அடிக்கும்போது அடிப்பாகம் வழுக்காமல் பிடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வருகிறாராம்.

"ஈரம் சரி சார். புல்லு?" என்றேன்.

"வாங்கிட்டாரு முதலாளி," என்றார் ஷபீ சார். பெங்களூரிலிருந்து புல்லைப் பாய் மாதிரி சுருட்டி லாரியில் கொண்டுவந்து மூன்றாம் குழியைச் சுற்றி விரிக்கிறார்கள். கல்யாண வீடு தோற்றது.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து ஒரு வாரமாகிறது. குழாய்த் தண்ணீரில் பல் விளக்கினாலே குமட்டும். தோல் பதனிடும் ஷாப்புகளின் உபயம். அம்மா இரண்டு தெரு தாண்டிப் போய்க் குடம் தூக்குகிறாள்.

மார்ச் 9, திங்கள்

மூன்றாம் குழிக்குப் போனால், தெருவுக்கு வர வேண்டிய அதே லாரி. அதே டிரைவர் முனிரத்தினம் அண்ணன். புல்லுக்குப் பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னாண்ணே, இங்க?"

"கம்பெனி புக் பண்ணிட்ச்சும்மா. பையர் வந்து போனப்பறம்தான் உங்க தெருவு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கைல இன்னாம்மா இருக்கு, நான் ஸ்டீரிங் புடிக்கறவன்," என்றார்.

அந்தக் கோபத்தில் அடித்தேன். தாழ அடித்த பந்து நாலடி போய் ஈரத்தில் புதைந்து நின்றது. ஒரு மாதம் கட்டாந்தரைக்காகப் பழகிய கை. இங்கே நாற்று நடத்தான் லாயக்கு.

வீட்டில் சொல்லவில்லை. பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம். கேவலமா இருக்கு. ஆனா சொல்லலை.

மார்ச் 13, வெள்ளி

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் அம்மா. "அந்த லாரி எங்கடி போவுது? ஒனக்குத் தெர்யாதா?"

வாய் நிற்கவில்லை. "கோல்ஃப் கிரவுண்டுக்கும்மா. மூணாவது குழிக்கு."

"குழில எதுக்குடி ஊத்தறானுங்க?"

"புல்லு வளக்க."

"மாடு வாங்கப் போறாங்களா?"

"இல்லம்மா. நான் நிக்க."

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. எழுந்து போய்க் குடங்களைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். என்னை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார்கள்.

மார்ச் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் இரண்டு குழியும் பாதகமில்லை. என் தாழ்வான அடியைப் பார்த்து இங்க்ரிட் அம்மா புருவம் தூக்கினார். முதலாளி அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் குழிக்கு நான் முதல் அடி அடித்தபின் மேட்டில் ஏறிப் பார்த்ததும் அவர் வாய் அப்படியே நின்றது.

கடைசி ஈரத்துக்காக வந்த லாரி புல் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றி எங்கள் தெருவே நிற்கிறது. சிவப்பு, நீலம், பச்சை என்று பிளாஸ்டிக் குடங்கள் பிரவுன் வரைக்கும் வரிசை. முன்னால் அம்மா, பைப்பும் கையுமாக. எல்லாரும் பின்கேட் வழியாக வந்திருந்தார்கள். எங்களுக்கு ஒதுக்கிய வழிதானே.

"பாக்யா, ஒங்கம்மாவ போவச் சொல்லும்மா. பேஜாராய்டும்," என்றார் ஷபீ சார். அழாத குறை.

"நீங்களே சொல்லுங்க சார்."

போனார். அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "இன்னும் கொஞ்சம் கொடம்தான் சார். நீங்க பாட்டுக்கு ஆடுங்க. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்."

இது என்ன என்று இங்க்ரிட் அம்மா கேட்டார். முதலாளி ஆகாயத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொன்னேன்: இது நாங்கள் குடிக்கிற தண்ணீர், நீங்கள் வருவதால் புல் குடிக்கிறது.

அவர் குடங்களையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பந்தைக் காட்டினார். அது லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், குடம் சிந்திச் சிந்திக் குழம்பிய சேற்றில் கிடந்தது. இதைவிட வழுக்கும் இடம் உலகத்தில் கிடையாது. போனை எடுத்து என் காலுக்கு நேராகப் பிடித்து, "ப்ளே" என்றார்.

தாழ அடித்தால் புதையும். தூக்கி அடித்துப் பழகவில்லை. எதிரே அம்மா. வேலை போனது என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒரு மாத எரிச்சலையும் சேர்த்து வீசினேன். அள்ளிய சேற்றில் பாதி ஷபீ சாரின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. பந்து லாரியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. குடங்களை வைத்துவிட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். என் கால் மட்டும் ஊன்றிய இடத்தைவிட்டு நூலளவும் நகரவில்லை.

அடுத்து கோபி. அவன் ஷூவும் நகரவில்லை. கோபிதான் நகர்ந்தான். ஷூ சேற்றிலேயே நிற்க, கால் மட்டும் வெளியே வந்து மல்லாந்து விழுந்தான். லேஸ் கட்டவில்லை, மடையன்.

மார்ச் 17, செவ்வாய்

என்னைத் திரும்பவும் தையல் லைனில் உட்காரவைத்துவிட்டார்கள். கோபியைக் கட்டிங்கில். ஆர்டர் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மத்தியானம் ஷபீ சார் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். ஆர்டர் வந்துவிட்டதாம். ஆனால் ஒரு கண்டிஷன். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு லாட்டுக்கும் அதே சோதனை, அதே மாதிரி தரை, அதே டெஸ்டர்கள், வீடியோவோடு வர வேண்டும். ஒன்று மாறினாலும் அந்த லாட் ரிஜெக்ட்.

"அந்த சேறு மறுபடி கெடைக்குமா பாக்யா?"

"எந்த சேறு சார்?"

"அதாம்மா... லாரி, கொடம்..."

"பர்மனென்ட் இன்னா ஆச்சு சார்?"

"இன்னா, மெரட்றியா?"

"டெஸ்ட் பண்றேன் சார்."

சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு! சோதனை முறையை என்னையே எழுதித்தரச் சொன்னார். எழுதினேன். இடம்: எங்கள் தெருக்கோடி, ஏனென்றால் கிளப் புல் ஏற்கெனவே செத்துவிட்டது. தரை: ஒரு லாரித் தண்ணீர் முழுவதும் குடங்களில் பிடித்து முடியும்வரை நனைந்திருக்க வேண்டும்.

"கொடம் எதுக்கும்மா? பைப்ல ஊத்தலாமே."

"அன்னிக்கு கொடத்துலருந்து சிந்துன தண்ணி சார். மாத்தினா ரிசல்ட்டு மாறிடும்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

போன வாரம் பர்மனென்ட் ஆனேன். கோபியும். இன்று முதல் லாட்டுக்கான சோதனை. தெருவில் லாரி.

"மாசத்துக்கு ஒரு லாட்டுதான? அப்பறம் தண்ணிக்கு?" என்றான் கோபி, இரண்டு முடிச்சுப் போட்டு லேஸ் கட்டிக்கொண்டே.

ஒரு லாட்டை நான்காகப் பிரித்துத்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். வாரம் ஒரு லாரி. ஆர்டர் நின்றால் இதுவும் நிற்கும். அது வேறு சண்டை.

சேற்றில் கால் ஊன்றி, மட்டையை ஓங்கினேன். வரிசையிலிருந்து அம்மா கத்தினாள்:

"சீக்கிரம் அடிச்சிட்டு வாடி. நம்ம கொடம் வந்துட்ச்சு!"