வெள்ளிக்கிழமைப் பச்சை மழை

இன்று காலை எங்கேயோ வாசலில் சாணம் தெளித்த வாசனை வந்தது. கூடவே உன் நினைப்பும். செத்துப்போன சிநேகிதன் சாணி வாசனையில் நினைவுக்கு வருவது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இருக்கும்.

தாலுகா கச்சேரி முற்றத்து மழைமானியைத் தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து எழுதும் குமாஸ்தா நீ. பள்ளிக்கூடத்தில் இயற்கை சாஸ்திரம் நடத்திக்கொண்டு, எதைக் கண்டாலும் காரணம் சொல்லாமல் இருக்கமுடியாதவன் நான். ஒருநாள் உன் நோட்டைப் புரட்டினேன். கோடையிலும் வெள்ளி தவறாமல் இரண்டு சென்ட், அதாவது அங்குலத்தில் நூற்றில் இரண்டு பங்கு, மழை! பக்கத்தில் உன் முத்தான கையெழுத்தில், ‘நீர் பச்சை நிறம்.’

விடுவேனா? பொதிகை மலைப் பச்சிலைத் தூளை மேகம் வாரத்துக்கொரு முறை வாரி வருகிறது என்று பத்துப் பக்கம் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். என் தங்கைக்கு வெள்ளிக்கிழமை குறித்திருந்த கல்யாணத்தை, கூறைப்புடவை பச்சையாகிவிடும் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்று புதனுக்கு மாற்றினேன்.

புதனன்று கொட்டியது பார்! பந்தல் சரிந்தது, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த பத்தமடைப் பாய் மிதந்தது. அவர் தகப்பனார் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே, “யாருவே நாளை மாத்துனது?” என்றார். பந்தலில் இருந்த அத்தனை கையும் என்னைக் காட்டியது. தங்கை அழுத அழுகை இன்னும் காதிலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சுள்ளென்று வெயில். கச்சேரிக்கு ஓடிவந்தேன். நோட்டில் இரண்டு சென்ட், பச்சை நிறம்.

“வெயில் மண்டையப் பொளக்குதுலே, மழைன்னு எழுதிருக்கியே!”

“பாத்திரத்துல கெடந்துது, எழுதுனேன். வானத்தப் பாருன்னு எனக்கு உத்தரவு கெடையாதுலே” என்றாய்.

முற்றம் பெருக்கும் பேச்சியம்மை விளக்குமாற்றோடு திரும்பினாள். “வெள்ளிக்கெழமன்னு நாந்தான் ஐயா சாணி தெளிக்கேன். அந்தத் தகரத்துக்குள்ளயும் ஒரு கை விடுவேன். அதுவும் சர்க்கார் சாமான்தான, மங்களமா இருக்க வேண்டாமா?”

மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. பிறகு நீயே நோட்டோடு வந்தாய். கடைசியில் புதிதாக ஒரு கட்டம்: ‘வானம் பார்த்தேன்.’

“ஒனக்காகத்தாம்லே” என்றாய். என் பத்துப் பக்கத்தை அன்றே அடுப்பில் போட்டேன்.

போன மாதம் காய்ச்சலில் நீ போய்விட்டாய். துஷ்டி வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: ஆற்றுக் குளியல், பனி, கண்ணேறு. பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லையடா.

மறுநாள் எட்டு மணிக்குக் கால் தானாகக் கச்சேரிக்குப் போனது. உன் இடத்துக்கு ஆள் வந்திருக்கவில்லை. நானே அளந்து உன் நோட்டில் எழுதினேன்: ‘மழை இல்லை. வானம் பார்த்தேன். கண் கலங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.’