நீலத்தாளில் என் கையெழுத்து

தென்காசி
9 ஜூலை 2025

அன்புள்ள பிரியாக்காவுக்கு,

வேல்விழி எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் கூடச் சிரித்துத் தொலைப்பேன். அதனால்தான் தாள்.

நம் வக்கீல் ஆபீசின் தொண்ணூறாம் ஆண்டு மலருக்கு நீங்கள் அனுப்பிய கட்டுரையைத் திருத்தி முடித்துவிட்டேன். தாமதம்தான். சாரல் விடாமல் அடிக்கிறது, பிள்ளைத்துணி ஒன்றும் காயவில்லை. வடிவு பகலில் தூங்குகிற அரைமணி அரைமணியாக உட்கார்ந்து பார்த்தேன். 1935-இல் நம் நிறுவனர் பால்வண்ணநாதன் ஒரு நூற்பாலை முதலாளியை வாசலோடு திருப்பி அனுப்பிய கதை. எதிர்த்தரப்பில் தன் மச்சினனுக்குப் பங்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டார். அன்றுமுதல் எந்தக் கட்சிக்காரர் வழக்கோடு வந்தாலும் இரண்டு தரப்பின் பெயரும் எழுதிய நீலத்தாள் ஒவ்வொரு வக்கீலுக்கும் போகும். 'எனக்கு உறவில்லை' என்று மையால் கையெழுத்து விழுந்த பிறகுதான் ஃபைல் திறக்கும். கம்பெனியைக் கம்பெனி விழுங்குகிற பெரிய பெரிய விவகாரங்களிலும், எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும், அந்தத் தாள் மட்டும் மாறவில்லை. படித்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

நேற்று அந்தப் பெருமை பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்தது, அக்கா. என் அப்பா பெயருக்கு.

இலஞ்சி போகிற பக்கம் எங்கள் வயல் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேலே இருக்கிற நிலத்தைச் சீசன் பங்களா கட்டுகிற ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. அதன் வழியாக வருகிற வாய்க்காலுக்குப் பத்திரத்தில் உரிமை இல்லையாம், பதினைந்து நாளில் அடைத்துவிடுவார்களாம். கார் நெல் நட்டு இருபது நாள்தான் ஆகிறது. நோட்டீசின் தலையில் நம் ஆபீஸ் பெயர்.

"ஏட்டி வேலு, இது ஒன் ஆபீசுதானே? நீ சம்பளம் வாங்குத எடத்துலேர்ந்தே எனக்கு மிரட்டல் வருது பாத்தியா" என்று அப்பா சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "கோவத்தோட பால் குடுக்காதட்டி, பிள்ளைக்குச் சேராது" என்றாள். நான் படித்தவள், நம்பக்கூடாது. ஆனால் நேற்றிலிருந்து வடிவுக்கு நாலு தடவை பச்சையாகப் போகிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். அவர் சொல்லியும் மனசு அடங்கவில்லை. பிள்ளை பசிக்கு அழ, நான் கோபம் ஆறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதுவும் உங்கள் ஆபீஸ் உபயம்.

ஒரே கேள்வி. எனக்கு நீலத்தாள் ஏன் வரவில்லை? 'வக்கீல் காசியில் இருந்தாலும் தாள் தேடிப் போகும்' என்ற வரியை நானே பிழை திருத்தினேனே! பிரசவ லீவில் தென்காசிக்கு வந்தவள் மட்டும் வக்கீல் இல்லையா?

வேல்விழி


சென்னை
14 ஜூலை 2025

என் செல்ல வேலுவுக்கு,

பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது? அம்மா சொல்வதைக் கேட்டுப் பயப்படாதே, என் மகனுக்கும் அந்த வயதில் அப்படித்தான் போனது.

உன்னிடம் மறைக்க மாட்டேன். தாள் உன் பெயருக்கும் வந்தது. நான்தான் உனக்கு அனுப்பவில்லை. அன்று மாலைக்குள் ஃபைல் திறந்தாக வேண்டும் என்று கணேசமூர்த்தி சார் தலைமேல் நின்றார். பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை, இவளை எதற்குப் படுத்துவது என்று நானே போட்டுவிட்டேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா!

பெயரைப் பார்க்காமல் போடவில்லை. 'குற்றாலீஸ்வரன், தென்காசி' என்றிருந்தது. நீயே சொல்லு, நம்ம பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு குற்றாலீஸ்வரன் மேலேதானே விழணும்? எங்கள் இலத்தூரில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். உன் அப்பாவாக இருக்கும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் என்னைப் பார்ட்னராக்குவதா என்று முடிவு செய்கிறார்கள். பதினாலு வருஷம், வேலு. இந்தக் கவருக்குள் ஒரு புது நீலத்தாள் வைத்திருக்கிறேன். ஜூன் 3 என்று தேதி போட்டிருக்கிறேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு, பழையதைக் கிழித்துவிடுகிறேன். கம்பெனிக்காரர்களிடம் பேசி அப்பாவுக்குக் குழாய் பதித்துத் தரச் சொல்கிறேன். அக்டோபரில் நீ திரும்பி வரும்போது உன் இடத்தைப் பார்த்துக்கொள்ள நான் இருக்க வேண்டாமா?

வடிவுக்கு முத்தங்கள்.

உன் பிரியாக்கா


தென்காசி
18 ஜூலை 2025

பிரியாக்காவுக்கு,

வடிவுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை.

தடுக்கி விழுந்தால் குற்றாலீஸ்வரன்! அண்ணாநகரில் பிறந்து வளர்ந்த எவளாவது அந்தத் தாளைப் பார்த்திருந்தால், "தென்காசியா, நம்ம வேல்விழி ஊராச்சே" என்று ஒரு போன் போட்டிருப்பாள். ஊர்க்காரி நீங்கள் போடவில்லை. நம் ஊரை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் தப்பாகப் போயிற்று. என் கல்யாணத்தில் வாசலில் நின்று, "வாங்க தாயி, இலத்தூர்க்காரவுகளா" என்று உங்களை உள்ளே அழைத்துப் போனவர் பெயர் என்ன அக்கா?

என்னைத் தூங்கவிடத்தான் போட்டேன் என்கிறீர்கள். இரக்கத்தில் செய்தாலும் அது என் பெயர். அப்பாவின் மடையை அடைக்கலாம் என்று நானே சொன்னதாக ஒரு தாள் நம் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. இப்போது பழைய தேதியைப் போட்டு, அதையே என் கையாலும் எழுதச் சொல்கிறீர்கள். கூலியாக ஒரு குழாயும் ஒரு நாற்காலியும். இதை எனக்கு எழுத எப்படி மனசு வந்தது?

அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு வேலை போயிருமாட்டி?" என்றுதான் முதலில் கேட்டார். வாய்க்காலைப் பற்றி அப்புறம்தான் பேசினார். அதற்காகவே இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். முதல்முதலில் கோர்ட்டுக்கு வந்த அன்று என் கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, "ஏட்டி, தலையைத் தூக்கிட்டுப் போ" என்று உள்ளே அனுப்பியது நீங்கள். அதை மறந்துவிட்டு எழுதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்துமூன்றாம் தேதி நோட்டீஸ் கெடு. பயிர் காத்திருக்காது. நீங்கள் அனுப்பிய தாளை நாளை நிரப்பி ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், திங்கள்கிழமை சாரின் மேசைக்கு வரும். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இப்போதே உங்கள் போனுக்கும் அனுப்புகிறேன். ஞாயிறு முழுக்க உங்களுக்கு இருக்கிறது. முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா.

கட்டுரை இத்துடன் இருக்கிறது. 'இன்றுவரை ஒரு தாளும் பொய் சொன்னதில்லை' என்ற கடைசி வரியை மட்டும் அடித்திருக்கிறேன்.

வேல்விழி


பால்வண்ணநாதன் அண்டு பார்ட்னர்ஸ், சென்னை
உறவு அறிக்கைத் தாள்

பெறுநர்: திரு. கணேசமூர்த்தி, நிர்வாகப் பங்குதாரர்

தேதி: ~~3 ஜூன் 2025~~ 19 ஜூலை 2025

வக்கீல் பெயர்: கு. வேல்விழி (பிரசவ விடுப்பில்)

எதிர்த்தரப்பு: குற்றாலீஸ்வரன், தென்காசி

எதிர்த்தரப்புடன் உறவு: மகள்.

குறிப்பு ஏதேனும் இருப்பின்: ஜூன் 3 தேதியிட்ட தாளில் என் பெயரில் இருக்கும் கையொப்பம் என்னுடையது அன்று. யாருடையது என்பதை இதற்குள் அவரே தங்களிடம் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். சொல்லியிருக்காவிட்டால், என்னைக் கேளுங்கள்.

மையால் கையொப்பம்: கு. வேல்விழி