நார்மல் என்று வந்த ஸ்கேன்

ஆவடி
12.8.1995

அன்பு மகள் ராணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாதா காவலில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்க இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. நீ கடிதம் போட்டு ஐந்து மாதமாகிறது. மாப்பிள்ளை ஜெயபால்தான் கார்டு போட்டிருந்தார், மாதத்தில் நாலு நாள் நீ எழுந்திருப்பதே இல்லை, டாக்டரிடம் போகலாம் என்றால் உன் மாமியார் அந்தப் பழைய ஸ்கேன் கவரைக் காட்டி, ஒன்றுமில்லை என்று இவள் அம்மாவே கொடுத்த சீட்டு என்கிறாராம். குவார்ட்டர்ஸில் வெள்ளையடிக்கிறார்கள், அப்பாவுக்கு முட்டிவலி, வேறு விசேஷமில்லை.

பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தின் மருமகள் வரலட்சுமி தெரியுமே, அவளுக்கும் உன்னைப்போல் மாதாமாதம் வலி. மாமியார்காரி கண்ணம்மா, "மாசாமாசம் இன்னா நாடகம் இது" என்று திட்டிக்கொண்டே இருப்பாள். போன வாரம் துணைக்கு நான்தான் ஸ்கேனுக்குப் போனேன். சூலகத்தில் கறுப்பாக உருண்டையாக ஒன்று தெரிந்தது, பழைய ரத்தம் தேங்கின கட்டியாம், எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டாக்டரம்மா. மருந்து கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று மறுபடி ஸ்கேன் பார்ப்பார்களாம். என் மகளுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் நார்மல் என்று வந்ததே என்றேன். அவர் என்னைப் பார்த்து, "வயித்து மேல வெச்சுப் பாக்குற ஸ்கேன்ல இது பல தடவை தெரியாதும்மா. நார்மல்னா வலி பொய்னு அர்த்தமில்ல" என்றார். கட்டியாக இல்லாமல் உள்ளே சின்னச் சின்னதாய் ஒட்டியிருந்தால் தொப்புள் வழியாகக் குழாய் விட்டுத்தான் பார்க்கணுமாம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ காலை மடக்கிப் படுத்திருப்பாயே அந்த மூலை, அங்கே பெருக்கும்போது துடைப்பம் தானாகச் சுற்றிப் போகிறது. பட்டப்பகலில் குளியலறையில் தண்ணீர் சொட்டினால் நீ முனகுவதுபோல் கேட்கிறது, போய்த் திறந்து பார்க்கிறேன். "பொய் சொல்லலம்மா" என்று நீ சொன்னாய். ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை, எழுந்து துணியை அலசு என்றேன். கோயிலில் உன் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசிக்கும் முன்னே, பெண்ணுக்கு ஏதோ கோளாறாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அனுப்பியதற்கு, நானே அந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெருமையாகக் கொடுத்தேன் ராணி.

இந்தக் கடிதத்தை உன் மாமியாரிடம் வாசித்துக் காட்டு. அந்தச் சீட்டை நம்பி என் மகளை நான் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், தப்பு என்னுடையது என்று நானே எழுதுகிறேன். 21ஆம் தேதி திங்கட்கிழமை ரயிலுக்கு அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார், நான் வந்து உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எந்தெந்தத் தேதியில் வலித்தது என்று காலண்டரில் குறித்து வை, முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவர்கள் எந்தப் படமும் எடுக்கட்டும், அதில் என்ன வந்தாலும் வரட்டும், வலிக்கிறது என்று நீ சொன்னால் எனக்கு அது போதும்.

நான் இல்லாமல்போன வருஷங்களுக்கும் சேர்த்து மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அம்மா
ஆரோக்கியம்மாள்