டாக்டர் சொல்வார்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசில்லை. பத்து மணிக்கு உங்கள் தம்பி வண்டியோடு வருவார். சி.டி. ஸ்கேன் எடுத்து முடியும்வரை காபி வேண்டாம். துடிப்பு ஏறினால் படம் சரியாக விழாது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், திரும்பி வந்து சாப்பிடுங்கள். சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

நேற்றெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். "எக்கோ எடுத்தவ என் பொண்டாட்டி. அவளும் 'டாக்டர் சொல்வார்'னா என்ன அர்த்தம்?" என்றீர்கள். நியாயம்தான். இதய வால்வில் கால்சியம் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்ததை முதலில் பார்த்தது நான்தான். வால்வு நன்றாகத்தான் திறந்து மூடுகிறது. ஆனால் அங்கே படிந்திருந்தால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களிலும் படிந்திருக்கலாம். அதைப் பார்க்கத்தான் இந்தச் சி.டி. அடைப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

தினம் முப்பது நெஞ்சு பார்க்கிறேன். அலுப்பில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டது, படம் எடுப்பவர் முடிவு சொல்லக்கூடாது என்ற ஆஸ்பத்திரி விதிக்குப் பயந்து அல்ல. திறந்திருந்தால் அழுதிருப்பேன்; வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

பி.கு. சிகரெட்டை எடுத்துவிட்டேன், தேடாதீர்கள். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள். பதினொன்றுக்கு ஸ்கேன் அறை வாசலில் நிற்பேன்.