உங்கள் கடையின் பின்கதவு

இன்று மருமகள் வாங்கி வந்த இஞ்சியைக் கீறியதும் உங்கள் கடையின் வாசம் கிளம்பியது. உடனே எழுந்துபோய் எங்கள் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது.

கிளென் ஈடனில் உங்கள் மரக்கறிக் கடைக்கு நான் முதலில் வந்தது கொழும்பை விட்டு இந்த நாட்டுக்கு வந்த முதற்குளிரில். வாடிய கீரையை முன்னால் வைக்கக் கூடாது என்றேன். தக்காளியை அழுத்திப் பார்க்கக் கூடாது என்றீர்கள். அப்படித்தான் சிநேகமானோம்.

எந்தக் காற்றிலும் உங்கள் பின்கதவுத் தாழ்ப்பாளை நீங்கள் போட்டதில்லை. கன்னியாஸ்திரிமாரிடம் படித்த நான் முணுமுணுத்தால், "கன்னியாஸ்திரிமார் உங்களுக்குக் கதவு பூட்டத்தான் படிப்பிச்சவையோ?" என்று சிரிப்பீர்கள். ஒருநாள் சிரிக்காமல் காரணம் சொன்னீர்கள். உங்களுக்கு ஆறு வயது. சீனரான உங்கள் அப்பாவின் சலவைக்கடைக்கு முன்னால் கும்பல் கூடிக் கல்லெறிந்தது. சித்தப்பா பின்பக்கம் ஓடினார். அங்கே தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. அவரை இழுத்துப் போட்டு அடித்ததை இஸ்திரி மேசைக்கு அடியிலிருந்து பார்த்தீர்கள். மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் நாங்கள் பிழைத்ததோ, கதவு பூட்டியிருந்ததால். அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

பிறகொரு நாள் பின்னேரம் குளிரான தெற்குக் காற்று. நீங்கள் பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தபோது, உங்களைக் கேளாமல் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டேன். சற்று நேரத்தில் மூன்று ஆண்கள் கடை வாசலில் நின்று, சீனாவுக்கே போ என்று கத்தினார்கள். நீங்கள் பிறந்ததே இந்த நாட்டில். ஒரு போத்தல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினீர்கள். கதவு அசையவில்லை. நீங்கள் தோளால் இடித்தீர்கள். தாழ்ப்பாளுக்கு அருகில் நின்றவள் நான்.

"திறவுங்கோ."

என் கை தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்திருந்தது. கதவுக்கு அப்பால் கொழும்புக் கும்பல் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தீர்கள். உங்கள் நகம் பதிந்தது. அதற்குள் யாரோ காரின் ஹார்னை விடாமல் அடித்தார்கள். வந்தவர்கள் சிரித்தபடி போய்விட்டார்கள்.

உருளைக்கிழங்கு மூட்டைமேல் அமர்ந்து, யார் பூட்டியது என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். பொய் சொல்லாதவள் என்று பெருமைப்பட்ட வாய் அது. நீங்கள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தேத்தண்ணி போடுறன்," என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்த குளிரில் நீங்கள் போய்விட்டீர்கள். நான்தான் பூட்டினேன். இதை நான் சொல்வதற்கு நீங்கள் ஒரு வருடம் உயிரோடு இருந்தீர்கள். எனக்குத் துணிவு இருக்கவில்லை.

"மாமி, குளிருது. பின்கதவைப் பூட்டட்டோ?" என்கிறாள் மருமகள். வேண்டாம் என்கிறேன். முன்கதவை நானே இரண்டு தரம் பூட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு கதவும் தெரிகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.