எங்களுக்கு மட்டும் என்றிருந்த ஒரு வருடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கள் ஊர் புக்கிட் ரோத்தான் முழுக்கச் சகதி. துணி காயவில்லை. இணைய லைன் போய்ப் போய் வருகிறது.

செய்ய வேண்டியவை: டியூஷன் பிள்ளைகளுக்குக் கணிதத் தாள். அம்மாவின் முழங்கால் தைலம். என் ஆராய்ச்சி வழிகாட்டி புரொஃபுக்கு மறுபடி ஒரு மெசேஜ் (ஏழாவது).

என் ஆராய்ச்சி இதுதான்: வெடித்துப்போன ஒரு நட்சத்திரத்தின் ஓட்டுக்குள், சுழலும் அதன் மிச்சத்தைச் சுற்றி மங்கலாய் ஒரு நெபுலா, ஒளிமேகம். எக்ஸ்ரேயில்தான் தெரிகிறது. விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு மனு எழுதியது நான், போட்ட பெயர் புரொஃபுடையது. தரவு ஒரு வருடம் எங்களுக்கு மட்டும். அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்னும் ஒன்பது நாள். திருத்தி முடித்த என் கட்டுரை ஐந்து மாதமாய் அவர் மேசையில்.

மார்ச் 5, வியாழன்

பதில் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறாராம், அவசரப்பட வேண்டாமாம். கூடவே ஒரு கட்டைவிரல் படம்.

சாப்பிடக் கூப்பிட்ட அம்மா, அந்த நட்சத்திரம் செத்து எத்தனை நாளாச்சு என்று கேட்டார். பல ஆயிரம் வருசம் என்றேன்.

"இன்னுமா கருமாதி முடியல? வந்து சாப்டு."

இந்த வாரம் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

அவரைக் கேட்காமல் நானே வெளியிட்டால் என்ன என்று அம்மாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் எஸ்டேட் நர்சரியில் செம்பனைக் கன்றுக்குப் பை நிரப்பியவர். மண்டோர், அதாவது கங்காணி, பார்த்துச் சரி என்று சொல்லாதவரை வேலை முடிந்ததாகாது என்றார். எனக்கும் அதே புத்திதான். பிஎச்டி படித்தும் போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. வருடம் முடிந்தது. வேலியைப் பிடுங்கியாச்சு, இனி எந்த மாடும் மேயலாம்.

மார்ச் 16, திங்கள்

நான்கே நாள். வேறொரு நாட்டுக் குழுவின் கட்டுரை இணையத்தில். அதே நட்சத்திரம், அதே தரவு. நான்கு நாளில் இருபது பக்கம் எந்தக் கொம்பனாலும் எழுத முடியாது.

ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து போனில் படித்தேன். பக்கத்து மேசையில் யாரோ: "லோரி மாட்டிக்கிச்சு லா, செம்பனப் பழமெல்லாம் அழுகிப் போவுது."

பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டேன். நெபுலாவை அளக்கும்போது பின்னணி வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். அவர்கள் ஓட்டுக்கு வெளியே ஒரு வட்டம் போட்டுக் கழித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓட்டின் சூடான வாயுவும் நெபுலாக் கணக்கில் ஏறிவிடும், எண் தப்பாகும். என் முதல் வரைவில் நானே செய்த தப்பு. திருத்த இரண்டு மாதம் பிடித்தது.

சரி, இந்தத் தப்பை யாரும் செய்வார்கள். ஆனால் வட்டம் அதே இடத்தில், அதே அளவில். அதற்குள் அந்த முதல் வரைவில் நான் கவனிக்காமல் விட்ட மங்கல் நட்சத்திரம், அவர்களும் விட்டிருக்கிறார்கள். அழுகை வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

புரொஃபுக்குப் போன். முதல் தடவையே எடுத்தார், அதிசயம். என் வரைவை யாருக்காவது அனுப்பினாரா என்று கேட்டேன். அந்தக் குழுவில் அவரோடு கூடப் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறாராம். ஆங்கிலத்தைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பினாராம்.

"பழைய டிராஃப்டுதாம்மா குடுத்தேன். புதுசு உங்கிட்டதான இருக்கு."

அதை ஆறுதல் மாதிரிச் சொன்னார். சண்டையெல்லாம் வேண்டாமாம். அவர்கள் எண்ணை உறுதிப்படுத்தி நாமும் ஒரு சின்னக் கட்டுரை போடலாமாம், முதல் பெயர் அவருடையது. தப்பென்று தெரிந்த எண்ணை நானே சரி என்று எழுத வேண்டும்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரிங்க புரொஃப்" என்றேன்.